ஓவல் மைதானமும் ஒரு தன்மைப் பன்மையும்

தமிழிலக்கணம் கற்பிக்கும் ஆசிரியன் ஆண்டுதோறும் தவறாது நின்று விளக்கவேண்டிய இடங்களுள் ஒன்று தன்மைப் பன்மை. பேசுவோன் தன்னொடு கேட்போனையும் உளப்படுத்திக் கூறின் ‘நாம்’. அவனை ஒழித்துக் கூறின் ‘நாங்கள்’. “நாம் உண்போம்” என்றால் கேட்டவனுக்கும் இலை போட்டாயிற்று. “நாங்கள் உண்போம்” என்றால் அவன் குடையை எடுத்துக்கொண்டு புறப்படலாம். இத்துணை நுட்பமான வேறுபாட்டை ஆங்கிலம் அறியாது. கொழும்பில் நாள்தோறும் நம் காதில் விழும் சிங்களமும் அறியாது. அங்கே ‘அபி’ என்னும் ஒரு சொல்லே இரண்டு வேலையையும் செய்துவிடும்.

இலக்கண நூலார் எண்ணிப் பார்த்திராத ஒரு தன்மைப் பன்மையும் உலகில் வழங்குகின்றது. துடுப்பைக் கையால் தொட்டறியாதவன், பந்து வரும் திசையைக் கண்டால் தலையைக் குனிந்துகொள்பவன், மறுநாட் காலையில் பத்திரிகையை விரித்து, “நேற்று வென்றுவிட்டோம்” என்று பெருமிதத்தோடு கூறுகின்றானே, அந்த ‘ஓம்’ விகுதியைச் சொல்கிறேன். அது யாரை உளப்படுத்துகின்றது? பதினொருவர் ஆடினர், இவன் கடலை கொறித்தான். ஆயினும் வென்றோம் என்கிறான். தோற்ற நாளிலோ, “தோற்றுவிட்டான்கள்” என்று படர்க்கைக்குப் போய்விடுகிறான்! உண்மையான அபிமானி தோல்வியிலும் தன்மையை விடாதவன் என்பது என் கட்சி. ஐம்பது வயதைக் கடந்த இந்நாளிலும், இப்பொரளையில் குடியிருக்கும் காரணத்தாலும் பழக்கத்தாலும், தமிழ் யூனியன் என்னும் கழகத்தைப் பின்தொடரும் அபிமானிகளுள் நானும் ஒருவன்.

தமிழ் யூனியன் கிரிக்கெட், மெய்வல்லுநர் கழகம் 1899ஆம் ஆண்டிலே தோன்றியது. சிங்களர் விளையாட்டுக் கழகமும் அதே ஆண்டிலேதான் தோன்றியது. பறங்கியர்க்கு ஒன்று, சோனகர்க்கு ஒன்று, மலாயர்க்கு ஒன்று என இனவாரியாகக் கழகங்கள் எழுந்த காலம் அது. வெள்ளைக்காரர் தம் கழகத்துள் மற்றோரைச் சேர்க்காதிருக்க, மற்றோர் தத்தமக்கென ஒவ்வொன்று அமைத்துக்கொண்டனர். ஆட்சி போயிற்று, பெயர்கள் போகவில்லை. இதனால் நம் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கத்தில் வேடிக்கையான செய்திகள் வரும். சிங்களருக்கும் தமிழருக்கும் மூன்று நாட் போட்டி. மழை காரணமாக வெற்றி தோல்வியின்றி முடிவுற்றது. இந்நாட்டு வரலாற்றை நூல்களில் மாத்திரம் படித்த அந்நியன் ஒருவன் இதைக் கண்டால் என்ன நினைப்பானோ! அவனுக்குத் தெரியாத செய்தி ஒன்றுண்டு. அந்த இரண்டு அணியிலும் ஆடுவோர் இன்று பெரும்பாலும் சிங்களப் பிள்ளைகளே.

கழகத்தின் இல்லம் பொரளை வனாத்தமுல்லையில் உள்ள ஓவல் மைதானம். 1977இல் அதற்குப் பாக்கியசோதி சரவணமுத்து மைதானம் என்று பெயரிட்டனர். அப்பெரியார் சிவில் சேவையிலே தேயிலை, இறப்பர்க் கட்டுப்பாட்டுப் பொறுப்பை வகித்தவர். இலங்கைக் கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபையின் முதல் தலைவர். அவர் சகோதரர் இரத்தினசோதி சரவணமுத்து 1937இல் கொழும்பு மாநகரின் முதல் மேயரானவர். கழகங்களிடையே நெடுங்காலம் நடந்த போட்டிக்கும் ‘சரா கிண்ணம்’ என்றே பெயர். சிங்கள இளைஞரும் முஸ்லிம் இளைஞரும் ஒரு தமிழர் பெயர் பூண்ட கிண்ணத்துக்காக வெயிலில் வாடினர். அது எவர்க்கும் விந்தையாகத் தோன்றவில்லை.

இம்மைதானத்துக்கு வந்த பெரியோருள் டொன் பிராட்மன் ஒருவர். 1948 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பலிற் சென்ற அவுஸ்திரேலிய அணி இடையிலே கொழும்பில் இறங்கி ஒரு நாள் இங்கே ஆடியது. ஆட்டத்தின் நடுவே ஆடுகளத்தை அளந்து பார்த்தபோது இருபத்திரண்டு யார் இருக்கவேண்டியது இருபது யாராக இருந்ததாம்! வெண்பாவில் ஒரு சீர் குறைந்தால் எம்போன்றோர் எத்துணைத் துடித்துப்போவோம். உலகின் தலைசிறந்த துடுப்பாட்டவீரரை அழைத்துவந்து தளை தட்டும் ஆடுகளத்திலே நிறுத்தினோம். அன்று இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவர் மகாதேவன் சதாசிவம்.

சதாசிவம் ஆடியதை நான் கண்டவனல்லன். என் தந்தையார் வாயிலாகக் கேட்டவன். எங்கள் பகுதியிலேயே உள்ள வெஸ்லிக் கல்லூரியிற் கற்றவர் அவர். 1947இல் சென்னைச் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கெதிராக 215 ஓட்டங்கள் குவித்தார். இலங்கை, சிங்கப்பூர், மலாயா ஆகிய மூன்று நாடுகளின் அணிக்கும் தலைமை தாங்கிய பெருமை அவருக்குண்டு. மேற்கிந்தியரான பிராங் வொரெல் அவரை மிக உயர்வாக மதித்தார். விக்கெட் காப்பாளனின் கையுறைக்குள் போகப்போகும் பந்தை, போனதோ என்று எல்லாரும் நினைக்கும் கணத்திலே, கடைக்கண்ணால் பார்ப்பதுபோலத் தட்டிவிடுவாராம். ஐயா இதைச் சொல்லும்போது கையிலிருக்கும் தேநீர்க் கோப்பையையும் மறந்து மணிக்கட்டைத் திருப்பிக் காட்டுவார். தேநீர் சிந்தும், அம்மா பார்ப்பார். ஆயின் 1951இல் சதாசிவத்தின் மனைவியார் கொலையுண்டதையும், அக்குற்றம் அவர்மேற் சாட்டப்பட்டதையும், நாடே காதுகொடுத்துக் கேட்ட நெடிய வழக்குக்குப்பின் 1953இல் அவர் விடுதலையானதையும் ஐயா ஒருபோதும் பேசமாட்டார். தெருவில் எவரேனும் எடுத்தால், “நான் அவருடைய ஆட்டத்தைப் பார்க்கப் போனவன்” என்று மாத்திரம் சொல்லி நடையை விரைவுபடுத்துவார். அபிமானியின் மனத்தில் ஒரு வேலி இருக்கத்தான் செய்கின்றது. அது நேர்மையான வேலியா என்பதில் எனக்கு ஐயமுண்டு. இறந்தவர் அவ்வேலிக்கு அப்பால் நிற்கின்றார் அல்லவா?

1982 பெப்ரவரி 17ஆந் திகதி இலங்கையின் முதலாவது டெஸ்ட் ஆட்டம் இங்கிலாந்துக்கெதிராக இந்த ஓவல் மைதானத்திலேயே தொடங்கிற்று. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. இறுதி நாளாகிய ஞாயிற்றுக்கிழமை ஐயா என்னைக் கையிற் பிடித்து அழைத்துச் சென்றார். முதல் இன்னிங்ஸில் இலங்கை 218, இங்கிலாந்து 223, ஏறக்குறையச் சமம். ஆனந்தாக் கல்லூரி மாணவனாகிய அர்ஜுன ரணதுங்க, பதினெட்டு வயதுப் பையன், 54 ஓட்டம் எடுத்திருந்தான். இரண்டாம் இன்னிங்ஸில் றோய் டயஸ் 77. மூன்று விக்கெட்டுக்கு 167 என்று பலகை காட்டியபோது எங்களைச் சுற்றியிருந்தோர் வெற்றி விருந்தைப்பற்றியே பேசத் தொடங்கிவிட்டனர். பிறகு ஜோன் எம்புரியின் பந்து சுழலத் தொடங்கியது. எட்டு ஓட்டங்களுக்குள் ஏழு விக்கெட்டுகள் வீழ்ந்தன. 175. கதை முடிந்தது. இங்கிலாந்து ஏழு விக்கெட்டுகளால் வென்றது.

எங்களுக்கு முன்வரிசையில் இருந்த சிங்கள முதியவர் ஒருவர் திரும்பி ஐயாவைப் பார்த்து, “அபி பெரதுனா” என்றார். தோற்றோம் என்பது பொருள். முன்பின் அறியாதவர். ஐயாவின் நெற்றியில் திருநீறு இருந்தது. அவர் சொன்ன ‘அபி’ என்பதைத் தமிழில் எப்படிப் பெயர்ப்பது என்ற வினா அன்று எனக்கு எழவே இல்லை. ‘நாம்’ என்பதைத் தவிர வேறு என்ன? ஐயாவும் தலையசைத்து, வெற்றிலைப் பையை அவர்பால் நீட்டினார்.

அதற்குப் பின் பதினேழு மாதம்.

1983 யூலை 23இல் யாழ்ப்பாணம் திருநெல்வேலியிலே பதின்மூன்று படைவீரர் கொல்லப்பட்டனர். மறுநாள் 24, ஞாயிற்றுக்கிழமை, அவர்தம் சடலங்களைப் பொரளைக் கனத்தை மயானத்தில் அடக்கஞ் செய்ய ஏற்பாடாயிற்று. அங்கே திரண்ட கூட்டம் கலைந்தபோதுதான் தீ தொடங்கியது. பொரளையில் தொடங்கித் தலைநகரெங்கும், பின் நாடெங்கும் பரவியது. 25ஆந் திகதியும் 27ஆந் திகதியும் இதே பொரளையிலுள்ள வெலிக்கடைச் சிறைக்குள் தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். கனத்தை, வெலிக்கடை, ஓவல் மைதானம்: மூன்றும் ஒரே சுற்றாடலில் உள்ளவை. ஒரு சிங்களச் சொல்லைச் சொல்லச் சொல்லி, அதை உச்சரிக்கும் ஒலியைக் கொண்டு இவன் இன்னான் என்று தேர்ந்தனர். மொழி கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்டவனுக்கு அது இன்றும் நெஞ்சிற் குத்தும் செய்தி. எங்கள் குடும்பத்தை அடுத்த வீட்டுச் சிங்கள அம்மையார் தம் சமையலறையில் இரண்டு இரவு வைத்திருந்தார். பின் அகதி முகாம். பின் காங்கேசன்துறைக்குக் கப்பல். இதற்குமேல் அதைப்பற்றி இக்கட்டுரையில் எழுத வேண்டியதில்லை.

வடமராட்சியில் ஐயா பிறந்த கிராமத்திலே வாழத் தொடங்கினோம். அங்கே 1985 செப்டெம்பரில் நடந்ததையே இங்கு சொல்ல விரும்புகிறேன். யூனிலே யுத்தநிறுத்தம் வந்து, திம்புப் பேச்சுவார்த்தை முறிந்திருந்த நேரம். பொரளை ஓவலில் இந்தியாவோடு டெஸ்ட் ஆட்டம். திண்ணையில் வானொலி. கிராமத்தில் சிங்களம் நன்கு விளங்கியவன் நான் ஒருவனே. ஆதலின் சிங்கள வருணனையைக் கேட்டு அங்கிருந்த ஏழெட்டுப் பேருக்குத் தமிழிற் சொல்லும் பணி எனக்கு வாய்த்தது. அமல் சில்வா 111 ஓட்டம் எடுத்ததோடு விக்கெட்டுக்குப் பின்னே நின்று ஒன்பது பேரை வீழ்த்தினார். இந்தியா 348 எடுத்தால் வெற்றி. 11ஆந் திகதி றுமேஷ் ரத்நாயக்க ஐந்து விக்கெட்டுகளைச் சாய்த்தார். கபில்தேவ் அடித்த பந்தைத் தாமே பிடித்தார். இந்தியா 198. இலங்கையின் முதலாவது டெஸ்ட் வெற்றி, 149 ஓட்டங்களால், தமிழன் பெயர் சூடிய மைதானத்தில், நான் தீயைக் கண்டு ஓடிவந்த அதே பொரளையில்.

வருணனையாளர் குரல் உடைந்து, “அபி தினுவா! அபி தினுவா!” என்று கூவினார்.

திண்ணையில் இருந்தோர் என் வாயைப் பார்த்தனர். பெயர்க்க வேண்டும். ‘நாம்’ என்பதா? அங்கிருந்தோருள் இருவர் வீடிழந்து வந்தவர். ஒருவர் மகனை இழந்தவர். ‘நாங்கள்’ என்பதா? அப்படியாயின் யார் அந்த நாங்கள்? ‘அவர்கள்’ என்பதா? வருணனையாளர் அப்படிச் சொல்லவில்லையே. அதுவுமன்றி, ரத்நாயக்க பந்தைப் பிடித்த கணத்தில் என் நெஞ்சு துள்ளியதை நான் அறிவேன். அக்காலத்தில் ‘எங்கடை பெடியள்’ என்றால் வடக்கில் அதற்குப் பொருளே வேறு. அச்சொல்லையும் இதற்கு வழங்க இயலாது. யாழ்ப்பாணப் பேச்சு வழக்கில் ‘நாங்கள்’ என்பது இருபொருட்கும் வருமாயினும், அன்று அது ஒன்றுக்கும் வரவில்லை. தமிழ்த்தாய் கைகொடுத்தாள். “வெண்டாச்சு” என்றேன். வென்றாயிற்று. எழுவாய் இல்லை, தன்மையுமில்லை, படர்க்கையுமில்லை. செயல் நிகழ்ந்தது, அவ்வளவே. ஆக்க வினையின் பயன்பாட்டை அதற்குப் பின் எத்தனையோ வகுப்புகளில் விளக்கியிருக்கிறேன். அன்று விளங்கியதுபோல அது வேறொருநாள் விளங்கியதில்லை.

“ஆர் தம்பி வெண்டது?” என்று கேட்டார், காது மந்தமான ஒரு முதியவர்.

“மெண்டிஸின்ரை ஆக்கள், அப்பு.”

“நல்லது” என்றார் அவர். எழுந்து ஆட்டுக்குக் குழை போடப் போனார்.

மீண்டும் நான் கொழும்புக்கு வந்தது 1996 தொடக்கத்தில். பண்டிதர் பரீட்சை தேறிக் கீழைமொழிக் கல்லூரியொன்றில் ஆசிரியப்பணி கிடைத்தது. பொரளையிலேயே ஓர் அறை எடுத்தேன். ஏன் வேறிடமில்லையா என்று வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை உறவினர் கடிந்தனர். அவ்வாண்டு சனவரி 31இல் மத்திய வங்கியிற் குண்டு வெடித்திருந்தது. அவுஸ்திரேலியரும் மேற்கிந்தியரும் கொழும்பில் ஆட மறுத்தனர். சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி; அடையாள அட்டையை நீட்டி நீட்டி அதன் விளிம்பே தேய்ந்தது. மார்ச் 17இல் லாகூரில் இலங்கை உலகக்கிண்ணத்தை வென்ற இரவு, தெருவெங்கும் வெடிச்சத்தம். நல்ல வெடிதான் என்று தெளியச் சிறிது நேரம் பிடித்தது.

அந்த அணியில் முத்தையா முரளிதரன் இருந்தார். கண்டியிலே பிறந்து கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியிற் கற்ற மலையகத் தமிழர். கழக மட்டத்தில் தமிழ் யூனியன் வீரர். முன்னைய மாதங்களில்தான், 1995 டிசெம்பர் 26இல், மெல்பேர்ணில் டறெல் ஹெயர் என்னும் நடுவர் அவர் பந்தை எறிகிறார் என்று ஏழு முறை ‘நோபோல்’ கூறியிருந்தார். பிறவியிலேயே முழுதும் நீளாத முழங்கை அது. அந்நாளில் பேருந்தில் என் பக்கத்தில் நின்ற சிங்களத் தொழிலாளி ஒருவர், “அபே முரளிக்கு இப்படிச் செய்துவிட்டார்களே” என்று சிங்களத்தில் என்னிடம் நொந்தார். ‘நம் முரளி’ என்றார். அவருக்கும் எனக்கும் பொதுவான முரளி. அடுத்த சாவடியில் இருவரும் இறக்கப்பட்டோம். அவர் உடனே ஏறினார். நான் சற்றுப் பொறுத்து ஏறினேன்.

முரளிதரன் 2010 யூலையில் காலியிலே தம் எண்ணூறாவது டெஸ்ட் விக்கெட்டைக் கடைசிப் பந்துவீச்சிற் பெற்று ஓய்ந்தார். அவரை உலகம் போற்றியது. தமிழருள் ஒரு சாரார் போற்றவில்லை. தமிழர் துயரத்தை அவர் உரக்கப் பேசவில்லை என்பது அவர்கள் குறை. அவர் வரலாற்றைக் கூறும் படத்தில் நடிப்பதிலிருந்து 2020இல் விஜய் சேதுபதி விலகவேண்டி வந்ததும் அக்குறையாலேயே. அவர் கூறிய சில அரசியற் கருத்துகளோடு எனக்கும் உடன்பாடில்லை. ஆயினும் பந்து வீசுவோனிடம் போய்ப் பரணி பாடவில்லையே என்று கேட்பது முறையாகாது என்றே கருதுகிறேன். பேருந்தில் ‘அபே முரளி’ என்ற அந்தத் தொழிலாளியின் வாயில் அச்சொல் எப்படி வந்தது என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்; சட்டமோ சமாதான மாநாடோ அதைக் கொண்டுவரவில்லை. இதற்கு எதிராக, அத்தொழிலாளி சாவடியில் எனக்காகக் காத்திருந்தாரா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. பேருந்து காத்திருந்தது.

சனி, ஞாயிறுகளில் கழக ஆட்டம் இருந்தால் ஓவலுக்குப் போவேன். டெஸ்ட் ஆட்டங்களுக்குத்தான் கூட்டம். 2010இல் லக்ஷ்மண் ஆட்டமிழக்காது 103 எடுத்து இந்தியாவுக்கு வெற்றி தேடித்தந்ததும், 2015 ஆகஸ்டில் குமார் சங்கக்கார தம் இறுதி டெஸ்டை ஆடி இரு இன்னிங்ஸிலும் சென்னை அஸ்வினிடம் வீழ்ந்ததும், 2017இல் வங்காளதேசம் தன் நூறாவது டெஸ்டில் நம்மை வென்றதும் இங்கேதான். சங்கக்கார விடைபெற்றபோது நான் எழுந்து நின்றதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1983இல் கண்டியிலே தம் தந்தையார் தமிழ் அன்பர்க்கு வீட்டில் புகலிடம் தந்ததை அவர் 2011இல் லோர்ட்ஸ் உரையில் உலகறியச் சொன்னார். எங்கள் அடுத்த வீட்டம்மையாரின் சமையலறை நினைவுக்கு வந்தது.

கழக ஆட்டத்துக்கோ பத்திருபது பேர் வந்தாலே திருவிழா. அந்த வெறுமையிலும் ஓர் இன்பம் உண்டு. பந்து துடுப்பிற் படும் ஓசை தனியே கேட்கும். பின்னாளில் யூனியனுக்கு ஆடிய ரங்கன ஹேரத், டெஸ்டில் 433 விக்கெட்டுகளைப் பெற்ற இடக்கைச் சுழற்பந்தர், வங்கி உத்தியோகத்தர்போல அடக்கமாக இரண்டடி நடந்துவந்து வீசுவார். வங்கி உத்தியோகத்தராகவும் இருந்தவர்தாம். துடுப்பாட்டக்காரன் கணக்கு முடிந்ததை அறிய ஒரு கணம் ஆகும். 2015-16 பருவத்தில் யூனியன் நெடுங்காலங் கழித்து முதல்தரக் கழகப் போட்டியின் சாம்பியனாயிற்று. அணியிலிருந்தோர் பெயர்ப்பட்டியலைக் கண்ட என் மாணவன் ஒருவன், “ஐயா, தமிழர் இல்லாத தமிழ் யூனியனுக்கு ஏன் நாங்கள் மகிழ வேண்டும்? பெயரை மாற்றினால் என்ன?” என்றான். பெயரை மாற்றக்கூடாது என்றே சொன்னேன். காலியிலோ குருநாகலிலோ இருந்து வந்த ஒரு சிங்களத் தாயின் பிள்ளை, “நான் தமிழுக்கு ஆடுகிறேன்” என்று சுருக்கமாகச் சொல்லிக்கொண்டு பொரளைத் தெருவில் நடக்கின்றான். அந்தத் தெருவில் அச்சொல் எப்படியெல்லாம் ஒலித்திருக்கின்றது என்று அறிந்தவனுக்கு அது சிறிய செய்தியன்று. மாணவன் முழுதும் உடன்படவில்லை. தமிழ்ப் பிள்ளைகள் ஏன் அங்கே இல்லை என்று திருப்பிக் கேட்டான். அதுவும் நல்ல கேள்வியே. வடக்கிலே மைதானங்கள் முப்பதாண்டு என்னவாக இருந்தன என்பதிலிருந்து அதற்கு விடை தொடங்கவேண்டும்.

பழைய அபிமானிகளுட் பலர் இன்று கடல் கடந்தவர். என் சிற்றப்பாவின் மகன் தொரன்ரோவில் இருக்கிறான். அவன் சென்ற சில ஆண்டுகளில், 1992இலும் 1993இலும், அந்நகரத்துப் பேஸ்போல் அணியாகிய புளூ ஜேய்ஸ் உலகத் தொடரை அடுத்தடுத்து வென்றது. ஊரே தெருவில் இறங்கியது. உறைபனி நாட்டில் முன்பின் அறியாதவர்கள் தன்னைக் கட்டித் தழுவி ‘வென்றோம்’ என்றார்கள் என எழுதியிருந்தான். அவன் பிள்ளைகள் இன்று அந்த அணியைத் தன்மையிலேயே பேசுகின்றனர். அவனிடமிருந்தே நியூயோர்க் புரூக்ளின் கதையையும் அறிந்தேன். டொட்ஜர்ஸ் என்னும் அணி, 1947இல் ஜக்கி றொபின்சன் என்னும் கறுப்பரை முதன்முதல் பெருங்களத்தில் இறக்கிய அணி, 1957க்குப் பின் ஊரைவிட்டு லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குப் போய்விட்டதாம். விட்டுப்போன அணிக்காக அவ்வூரார் ஒரு தலைமுறை புலம்பினர். நம் கதை அதன் மறுதலை. பொரளையில் அணி இருந்த இடத்திலேயே இருக்கின்றது, போனவர் அபிமானிகள்.

தம்பி சனிக்கிழமை இரவுகளில் தொலைபேசியில் அழைப்பான். சுகம் விசாரித்து முடிந்ததும் ஒரு செருமல்.

“அண்ணை, எங்கடை ஆக்கள் என்ன மாதிரி?”

சென்ற கிழமையும் கேட்டான். நாணயச் சுழற்சியில் வென்று முதலில் ஆடினோம், நான்கு விக்கெட் இழந்திருந்தோம், இரண்டு மணிக்குப் பொரளைப் பக்கம் கறுத்துவந்து மழை பிடித்துக்கொண்டது என்றேன். விக்கெட்டை மூடிவிட்டார்களா என்று கேட்டான். மூடிவிட்டார்கள் என்றேன்.